சனிக்கிழமை மேடு காணாமல் போன விவரம்

டாமரேக் மின் கூட்டுறவுச் சங்கத்தின் மாதப் பத்திரிகை ஆசிரியரும், அதில் வரும் 'வீட்டு மின்சாரக் குறிப்புகள்' பகுதியைத் தம் கைப்படவே எழுதிவருபவருமான மதிப்பிற்குரிய திருமதி பாலெட் ஸ்விங்கன் அம்மையார் அவர்களுக்கு, மேற்படி சங்கத்தின் பழைய அங்கத்தினனும், ஆகையால் மேற்படி சங்கத்தின் கம்பம், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர் யாவற்றிலும் ஒரு துளிப் பங்குக்குச் சொந்தக்காரனுமாகிய ரெய்னோ காங்காஸ் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் நாய் முஸ்டியும் சௌக்கியம். குழாய்கள் இன்னும் உறையவில்லை. தாங்களும் தங்கள் வீட்டாரும், இந்தக் குளிரில் கம்பம் ஏறுகிற பிள்ளைகளும், கைகால் விறைக்காமல் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

அம்மையாரே, நான் புகார் எழுதிப் பிழைக்கிறவன் அல்ல. ஆண்டுக் கூட்டத்துக்கு ஒரு வருஷம் விடாமல் வந்து, நீங்கள் கொடுக்கிற ஆப்பிள் பை பலகாரத்தைச் சாப்பிட்டு, எதற்குக் கை தூக்கச் சொன்னாலும் தூக்கிவிட்டுப் போகிறவன். உங்கள் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிக்கிறவன் இந்தக் கவுண்டியில் என்னைத் தவிர ஒருவன் இருந்தால் காட்டுங்கள். அப்பேர்ப்பட்ட என்னை உங்கள் குறிப்புகள் எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்கள் பேரில் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் மனைவி லெம்பி போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. பில் கட்டுவது, சங்கத்துக்குப் போன் போடுவது எல்லாம் அவள் இலாகா. அவள் போனபிறகு எங்கள் ஒரே மகள் லோர்னா, அவள் மினியாபொலிஸ் ஓரத்தில் புருஷனோடு இருக்கிறாள், காரில் வந்தால் அரைநாள் பயணம், 'பில்லை நான் பார்த்துக்கறேம்பா, கவலைப்படாதீங்க' என்று சொல்லி என் கணக்கைத் தன் போனில் ஏற்றிக்கொண்டாள். சரி, நல்ல பிள்ளை என்று நானும் இருந்துவிட்டேன். நீங்கள் மாட்டியிருக்கும் புது மீட்டர் மணிக்கு மணி எவ்வளவு மின்சாரம் ஓடியது என்று கணக்கெடுத்து, அதை ஒரு கோடாக வரைந்து போனில் காட்டும் என்பதும், அந்தக் கோட்டை ஒருத்தி உட்கார்ந்து செய்தித்தாள் மாதிரி வாசிக்கலாம் என்பதும் எனக்கு யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. ஒருநாள் அவளே போன் பண்ணிச் சொன்னாள்.

'ஏம்பா, இன்னிக்கு எதுக்கு வாஷிங் மெஷின் போட்டீங்க? திங்கக்கிழமைதானே துவைப்பீங்க?'

'முஸ்டி என் போர்வையில வாந்தி எடுத்துட்டான். அதையும் மீட்டர் சொல்லிச்சா?'

'வாந்தி எடுத்தது தெரியலப்பா. மெஷின் ஓடினது தெரிஞ்சுது.'

அன்றிலிருந்து என் வீட்டில் நான் தனியாக இல்லை. வென்னீர் அதிகமாக ஓடினால் போன் வரும். கிணற்று மோட்டார் நிற்காமல் ஓடினால் போன் வரும். நான் அந்த மீட்டரைப் பார்த்து முறைத்துவிட்டுத்தான் வெளியே போவது, வருவது எல்லாம். ஒருநாள் அதற்குக் குட் மார்னிங்கும் சொல்லியிருக்கிறேன், வாய் தவறி.

போன நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்கு வந்தபோது லோர்னா தனியாகத்தான் வந்தாள்; புருஷன் கிரெகுக்கு வேலை என்றாள். வான்கோழி வெட்டும்போது விஷயத்தைப் போட்டு உடைத்தாள். அதற்கு முந்தின வாரம் நான் முட்டையை அடுப்பில் வைத்துவிட்டுத் தபால்பெட்டி வரை போனேன், அங்கே பக்கத்துப் பண்ணை ஆர்வோ நின்றான், பேச்சு வளர்ந்தது, முட்டை வெடித்துக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. கூரையை நான் துடைத்திருந்தேன், சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது. அண்ணாந்து பார்த்தவள் அப்படியே சொன்னாள்: 'இங்க பாருங்கப்பா, இன்னொரு தடவை இந்த மாதிரி ஏதாவது ஆச்சு, நான் சும்மா இருக்கமாட்டேன். டவுன்ல பெரியவங்க குடியிருப்புல உங்களுக்கு ஒரு வீடு சொல்லி வெச்சிருக்கேன். மூட்டையைக் கட்டிட்டுப் பேசாம வந்துடணும்.'

அந்தக் குடியிருப்பை எனக்குத் தெரியும். நல்ல இடம்தான், குறை சொல்லக்கூடாது. எல்லா இடத்திலும் கம்பளம், எல்லா இடத்திலும் ஒரே சூடு, மத்தியானம் சீட்டாட்டம். ஆனால் நாய்க்கு இடமில்லை, சௌனாவும் இல்லை. அம்மையாரே, உங்கள் பெயரைப் பார்த்தால் நார்வேக்காரக் குடும்பம் என்று நினைக்கிறேன், அதனால் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபின்லாந்து வம்சத்தில் பிறந்தவன் சனிக்கிழமை சாயங்காலம் கல்லைக் காயவைத்து, தண்ணீர் ஊற்றி, அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்து வேர்த்து வழிந்துவிட்டு வராவிட்டால் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை விடியாது. சௌனா இல்லாத வீட்டில் சாவதற்குக்கூட எனக்குச் சம்மதமில்லை. எங்கள் சௌனா நிலவறையில் இருக்கிறது, மின்சார சௌனா. விறகு சுமந்து இடுப்பு போயிற்று என்று லெம்பி கேட்டதால் போட்டது. குடிக்கிற மின்சாரத்துக்குக் கணக்கே இல்லை. லோர்னா பார்க்கிற கோட்டில் மற்ற நாளெல்லாம் எறும்புப் புற்று. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் ஒரு மேடு எழும்பும்.

குடியிருப்புக்குப் போகாமலிருக்க என்ன வழி? யோசித்தேன். அப்பன் தெளிவாக இருக்கிறான், வீட்டைக் கட்டுசெட்டாக நடத்துகிறான் என்று அந்தப் பெண்ணுக்குக் காட்ட வேண்டும். எங்கே காட்டுவது? அவள் எங்கே பார்க்கிறாளோ அங்கே, அந்தக் கோட்டிலேயே காட்டிவிடுவது என்று முடிவுபண்ணி, உங்கள் பழைய இதழ்களையெல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு நான் இஞ்சி மிட்டாய் தின்றுகொண்டே அஸ்திவாரம் போட்டேன்.

குண்டு பல்புகளைக் கழற்றி எறிந்து எல்.இ.டி. போட்டேன். ஜன்னலோரம் ஊதுவத்தி பிடித்தால் புகை ஆடுகிற இடத்தில் குளிர்காற்று புகுகிறது என்று எழுதியிருந்தீர்கள், பிடித்தேன். வீடு முழுக்கப் புகை ஆடியது, முஸ்டி தும்மித் தும்மி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டான். சமையலறைக் கதவைச் சுற்றி ரப்பர் பட்டையை நெருக்கி ஒட்டினேன். அப்படி ஒட்டினேன் என்றால், கதவைத் திறக்க உள்ளேயிருந்து இரண்டு கையாலும் ஒரு இழுப்பு, வெளியேயிருந்து காலால் ஒரு உதை வேண்டும், அப்பேர்ப்பட்ட வேலை. காலி ஃப்ரீஸரைவிட நிறைந்த ஃப்ரீஸர் குறைவாகக் குடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். லெம்பி போனபிறகு என் ஃப்ரீஸரில் என்ன இருக்கிறது, ஒரு மான் தொடை, அவ்வளவுதான். காலிப் பால் கேன்களில் தண்ணீர் பிடித்து அடுக்கி நிறைத்தேன். பிறகு வந்தது வினை. அணைத்துவைத்திருந்தாலும் சில சாதனங்கள் திருட்டுத்தனமாக மின்சாரம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், பிளக்கைப் பிடுங்கிவைப்பது உத்தமம் என்று எழுதினீர்களே, அந்தக் குறிப்பு. ஒரு வெள்ளிக்கிழமை வீடு முழுக்கச் சுற்றி வந்து எதிலெல்லாம் சின்னச் சிவப்பு விளக்கு எரிகிறதோ அதையெல்லாம் பிடுங்கினேன். டி.வி. போயிற்று. மைக்ரோவேவ் போயிற்று. இன்டர்நெட் பெட்டி போயிற்று. போன் வைக்கிற தாங்கியிலும் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது, அதுவும் போயிற்று. போனை விட்டுவிடுங்கள் என்று நீங்கள் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. இன்னொரு போன் இருக்கிறது, அவசரத்துக்கு என்று லோர்னா வாங்கிக் கொடுத்தது. அது பத்திரமாக வண்டியில் இருக்கிறது.

பிடுங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் உங்கள் சங்கத்திலிருந்து அறிவிப்புப் போன் வந்தது. நாளை சனிக்கிழமை கடுங்குளிர், சாயங்காலம் உச்ச நேரம், எல்லாரும் ஒரே சமயத்தில் போட்டால் சங்கம் வெளியிலிருந்து விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கும், ஆகவே அங்கத்தினர்கள் பெரிய சாதனங்களை நிறுத்தி ஒத்துழைக்க வேண்டும் என்று. என் சங்கம், என் கம்பி, நான் ஒத்துழைக்காமல் யார் ஒத்துழைப்பது? வீட்டுக்கு விறகடுப்புச் சூடு இருக்கிறது, பிரச்சினை இல்லை. சௌனாவை மட்டும் அன்றைக்கு விட்டுவிடுவது என்று தீர்மானித்து, மறுநாள் சாயங்காலம் துண்டை எடுத்துக்கொண்டு, முஸ்டியையும் கூட்டிக்கொண்டு, வயலைக் குறுக்கே நடந்து ஆர்வோவின் விறகு சௌனாவுக்குப் போனேன். ஒரு பொத்தானைக்கூட அழுத்தாமல் வீட்டை விட்டுக் கிளம்பியபோது எனக்கு எவ்வளவு பெருமை என்கிறீர்கள்! இந்தக் கோட்டைப் பார்த்து லோர்னா அசந்துபோவாள் என்று நினைத்தேன். அசந்துதான் போனாள்.

அங்கே மினியாபொலிஸில் என்ன நடந்தது என்பதை எனக்குப் பிறகு டெபுடி பிரென்ட் சொன்னான், ஷெரிஃப் ஆபீஸில் இருக்கிற பையன். லோர்னா சாயங்காலம் கோட்டைப் பார்த்திருக்கிறாள். காலையிலிருந்து தரையோடு தரையாகக் கிடக்கிறது. சனிக்கிழமை மேட்டைக் காணோம். போன் போட்டிருக்கிறாள், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. உடனே ஷெரிஃப் ஆபீஸைக் கூப்பிட்டு, 'எங்கப்பா சௌனா போடலைங்க' என்று சொல்லி அழுதிருக்கிறாள். வேறு ஊர் டெபுடியாயிருந்தால், இதுக்கெல்லாமா கூப்பிடறது தாயே என்று கேட்டிருப்பான். பிரென்ட்டின் தாயார் வழி ஃபின்லாந்து வழி. 'சனிக்கிழமையா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டானாம். அவள் ஆமாம் என்றதும் சைரனைப் போட்டுவிட்டான்.

அவனோடு தீயணைப்புத் தொண்டர்கள் ஒரு வண்டி நிறைய வந்தார்கள். விளக்கில்லாத வீடு, திறக்காத கதவு. நான் பார்த்துப் பார்த்து ரப்பர் ஒட்டிய கதவு சட்டத்தோடு உள்ளே போய் விழுந்தது. அறை அறையாகத் தேடியிருக்கிறார்கள். ஒருவன் ஃப்ரீஸரைத் திறந்து பால் கேன்களையெல்லாம் எடுத்து வெளியே அடுக்கியிருக்கிறான். ஃப்ரீஸருக்குள்ள ஏண்டா தேடினே என்று பிறகு கேட்டேன். 'சும்மா ஒரு சந்தேகந்தாண்ணே' என்றான். மான் தொடையைப் பார்த்ததும் அவனுக்கு ஒரு கணம் உயிரே போய்விட்டதாம். இதற்குள் தேவாலயப் பெண்கள் குழுத் தலைவி ஐலி ஹார்யு வேறு வந்து சேர்ந்தாள். அவள் வீட்டு ஸ்கேனரில் போலீஸ் பேசுவதெல்லாம் கேட்கும். ரெய்னோ காங்காஸ் வீடு, பதில் இல்லை என்று காதில் விழுந்த நிமிஷமே கொத்துக்கறிக்கு மேல் உருளைக்கிழங்கு அடுக்கி ஹாட்டிஷ்ஷை அடுப்பில் வைத்துவிட்டாள். நான் செத்தேனா இல்லையா என்று தெரிவதற்கு முன்னாலேயே என் துக்கச் சாப்பாடு வெந்து வந்துவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் நான் ஆர்வோவின் சிவப்புக் குளியல் அங்கியும் முழங்கால் பூட்ஸுமாக, தலையிலிருந்து புகை புகையாகக் கிளம்ப, ரொம்ப நிம்மதியாக வயலைக் கடந்து வந்துகொண்டிருக்கிறேன். என் வீட்டு முற்றத்தில் திருவிழா மாதிரி விளக்கு சுழல்கிறது. யார் வீட்டுக்கோ கேடு என்று வேகமாக நடந்தேன். ஐலி திரும்பினாள்.

'ஐயோ கர்த்தரே! ரெய்னோ அண்ணே, நீங்க செத்துட்டீங்களே!'

'யார் சொன்னா?'

'ஸ்கேனர்ல சொன்னாங்களே!'

'அதிருக்கட்டும், உன் கையில சூடா என்னது அது? உச்ச நேரத்துலயா அடுப்பு போட்டே? அறிவிப்பு வரலையா உனக்கு?'

'ஆமா, இந்த மனுஷன் உயிரோடதான் இருக்காரு' என்று ஐலி டெபுடியிடம் சொன்னாள்.

பிரென்ட் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டான். 'ஐயா, நல்லா இருக்கீங்கன்னு எழுதிக்கட்டுமா? ரிப்போர்ட்ல போடணும்.'

'இப்போதைக்கு இருக்கேன்னு போடு. கதவு நல்லா இல்லைன்னும் போடு.'

பின்னாலேயே சத்தம் கேட்டு ஆர்வோ வந்தான். கதவில்லாத சமையலறையில் எல்லாரும் போட்டிருந்த குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்து அந்த ஹாட்டிஷ்ஷைக் காலிபண்ணினோம். 'டேய் ரெய்னோ, உன் துக்கத்துக்கு உன்னையே பந்தியில உட்கார வெச்சுட்டாங்களேடா' என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான் அந்தப் படுபாவி. சிரிக்கட்டும். நான் பிரென்ட்டின் போனில் லோர்னாவைக் கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

'அப்பா? அப்பாவா பேசறது?'

'அப்பாதாம்மா.'

பிரென்ட் ஏற்கெனவே எல்லாம் சொல்லியிருந்தான் போலிருக்கிறது. 'போன் பிளக்கை ஏம்பா பிடுங்கினீங்க?' என்றாள்.

'பத்திரிகையில போட்டிருந்துச்சு.'

அந்தப் பதில் எனக்கே நன்றாக இல்லை, அம்மையாரே. உண்மை சில சமயம் அப்படித்தான் பைத்தியக்காரத்தனமாக இருந்து தொலைக்கிறது.

இத்தோடு விட்டிருக்கலாம். என் புத்தி விடவில்லை. கோடு படுத்ததால்தானே வம்பு, கோட்டை எழுப்பிவைத்தால் போயிற்று என்று, மறுநாள் போன் தாங்கியை மறுபடி சொருகிவிட்டு, அன்றிலிருந்து வேளா வேளைக்கு எதையாவது போட்டுவைத்தேன். ரொட்டி சுடுகிற மின்சார அடுப்பைச் சும்மா சூடாக்கினேன். லெம்பியின் தலை உலர்த்தியை எடுத்து முஸ்டிக்குக் காட்டினேன், அவனுக்கு அது பிடித்திருந்தது. போன் வந்தது.

'என்னப்பா வேகவெச்சீங்க?'

'ஒண்ணுமில்லையே.'

'ஒண்ணுமில்லாமலா அடுப்பு ஓடிச்சு?'

'நான் இருக்கேன்னு உனக்குத் தெரிய வேணாமா? அதுக்குத்தான்.'

அடுத்த வாரமே என்னை மூளை டாக்டரிடம் நேரம் வாங்கி அனுப்பிவிட்டாள். அந்தம்மா நல்ல மாதிரி. ஒரு வட்டம் போட்டுக் கடிகாரம் வரையச் சொன்னார்கள். வரைந்தேன். முள் போட்டேன். போட்டுவிட்டு, கை சும்மா இருக்கவில்லை, சாயங்காலப் பகுதியை பென்சிலால் கறுப்படித்தேன். 'இது என்னங்க?' என்றார்கள். 'உச்ச நேரம்' என்றேன். டாக்டரம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து, 'நாங்களும் டாமரேக்தான். எங்க வாட்டர் ஹீட்டரை எவ்வளவு சூட்டுல வெக்கறதுன்னு சொல்லுங்களேன், எங்க வீட்டுக்காரர் சொல்றதைக் கேக்கமாட்டேங்கறார்' என்றார்கள். சொன்னேன். என் மூளை நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். லோர்னா ஒப்புக்கொள்ளவில்லை. 'அவங்களும் உங்க சங்கத்து ஆளு, அது செல்லாது' என்று சொல்லிவிட்டாள். இந்த வெள்ளிக்கிழமை அவளே வருகிறாளாம். சனிக்கிழமை காலை என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் குடியிருப்பில் கையெழுத்துப் போடவைக்கப் போகிறாளாம். நான் பிறந்தது இந்த நிலத்தில். லெம்பி பக்கத்துக் கல்லறையில் படுத்திருக்கிறாள், இங்கேயிருந்து நடந்து போய்விடலாம். முஸ்டியை ஆர்வோவிடம் விட வேண்டும் என்கிறாள். ஆர்வோ அவனுக்குச் சர்க்கரை போட்ட ரொட்டி கொடுத்தே கொன்றுவிடுவான்.

ஆகவே, ஆசிரியர் அம்மையார் அவர்களே, தங்களை நான் தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது யாதெனில், முதலில் என் மகள் என் கோட்டைப் பார்க்கிற வசதியை இந்தக் கடிதம் கண்டவுடன் தயவுதாட்சண்யம் பாராமல் துண்டித்துவிட வேண்டும். அப்புறம், ரெய்னோ காங்காஸ் என்கிற அங்கத்தினரின் கோடு படுத்துக்கிடந்தது புத்தி பேதலித்ததால் அல்ல, சங்கத்துக்கு ஒத்துழைத்ததால்தான் என்று தங்கள் முத்திரையோடு ஒரு சான்றிதழ் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவைக்க வேண்டும். முடிந்தால் வரும் இதழில், பிளக்குகளைப் பிடுங்குவதற்கு முன் உறவினருக்குத் தகவல் சொல்லவும் என்று ஒரு வரி போடவும். உச்ச நேரத்தில் ஹாட்டிஷ் செய்யலாமா என்பதையும் தெளிவுபடுத்தவும், ஐலி இன்னும் ஒப்புக்கொள்ளமாட்டேன் என்கிறாள்.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்துக்கும் கர்த்தர் நீண்ட ஆயுளும் நல்ல விறகும் அருள்வாராக. கம்பமேறும் பிள்ளைகளுக்கு என் விசேஷ வாழ்த்து. பனி பாரம் தாங்காமல் எங்கள் வேலியோரம் ஒரு கிளை கம்பி மேல் சாய்ந்திருக்கிறது, ஓய்வானபோது பார்க்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள அங்கத்தினன்,
ரெய்னோ காங்காஸ்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் தயவுசெய்து கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். கடிதத்தை ஒட்டிவைத்த அன்றே பனிப்புயல் பிடித்துக்கொண்டது, தபால் வண்டி வரவில்லை, கடிதம் மேஜைமேலேயே கிடந்தது. கிடந்த நேரத்தில் எனக்கு ஆத்திரம் தாளவில்லை. லோர்னாவுக்குப் போன் போட்டு, 'நியாயம்னா ரெண்டு பக்கமும் நியாயம். உன் வீட்டுக் கோட்டை எனக்குக் காட்டு' என்றேன். அவர்கள் பக்கத்திலும் கூட்டுறவுச் சங்கம்தான், அங்கேயும் இதே மாதிரி மீட்டர்தான். ஆபீஸில் அவசரமாக இருந்தாள் போலிருக்கிறது, 'பாத்துக்குங்கப்பா' என்று ரகசியச் சொல்லைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அந்தச் சொல், அவள் அம்மா பெயர். இன்டர்நெட் பெட்டியை மறுபடி சொருகி, அவள் கொடுத்த பலகைக் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கண்ணாடியையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவளை எதிலாவது பிடித்துவிட வேண்டும், ராத்திரி பூரா விளக்கு எரிந்ததா, வாஷிங் மெஷின் கண்ட கிழமையில் ஓடியதா, ஏதாவது ஒன்று.

லோர்னா வீட்டு நிலவறையிலும் ஒரு சின்ன சௌனா இருக்கிறது. கல்யாணமானதும் போட்டுக்கொண்டாள். கிரெக் முணுமுணுத்துக்கொண்டே கூட உட்காருவான். கோடையில் பார்த்தேன், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மேடு இருக்கிறது. இலை உதிர்கிற காலத்துக்கு வந்தேன், மேடு இல்லை. அதற்கப்புறம் எவ்வளவு தள்ளிப் பார்த்தாலும் இல்லை. சாயங்காலம் அடுப்பு எரிந்த அடையாளமும் இல்லை. சனி ஞாயிறில் அந்த வீட்டுக் கோடு, ஆர்வோ வீட்டுக்குப் போன அன்று என் கோடு எப்படிக் கிடந்ததோ அப்படிக் கிடக்கிறது. லோர்னாவுக்காவது அனுப்ப ஒரு பிரென்ட் இருந்தான், அம்மையாரே. நான் யாரை அனுப்புவேன்? போன் போட்டேன்.

'லோர்னா, சனிக்கிழமை சௌனா போடறதில்லையா நீ?'

அங்கே கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

'ஒத்த ஆளுக்கு எதுக்குப்பா' என்றாள்.

'கிரெக் எங்கே?'

'செப்டம்பர்லயே போயிட்டாருப்பா.'

'ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை...'

'அம்மாவே இல்ல. உங்களுக்கு இது வேறயா?'

நான் திட்டலாமென்று வாயைத் திறந்தேன், 'சாப்பிட்டியாம்மா' என்றுதான் வந்தது. பிறகு அவளே சொன்னாள், உங்களை வேவு பார்க்கிறேனென்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அப்படி இல்லையப்பா என்று.

'காலையில நீங்க காபி போடுவீங்கல்ல, அப்ப ஒரு சின்னக் கோடு ஏறும். படுத்துக்கிட்டே அதைப் பார்ப்பேன். சரி, அப்பா எழுந்தாச்சு, நாமளும் எழுந்திருப்போம்னு எழுந்திருப்பேன். அன்னிக்கு அது வரவே இல்லப்பா. சாயங்காலம் சௌனா மேடாவது வரும் வரும்னு படுத்தே கிடந்தேன்.'

அன்றைக்கு நான் சிக்கனம் பார்த்து விறகடுப்பிலேயே காபி வைத்துவிட்டேன், அம்மையாரே. உங்கள் குறிப்பில்கூட அது இல்லை, என் சொந்தச் சாமர்த்தியம்.

'சரி, அந்தக் குடியிருப்புக்கு நான் போயிட்டா என் காபியை எங்கே பார்ப்பே?' என்று கேட்டேன். அங்கே கட்டடம் முழுவதற்கும் ஒரே மீட்டர். அத்தனை கிழங்களின் காபியும் ஒன்றாகத்தான் ஏறும், எது என்னுடையது என்று எவன் கண்டான்? 'அதை நான் யோசிக்கவே இல்லப்பா' என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்தபடியே அழுதுவிட்டாள். வெள்ளிக்கிழமை வா, கையெழுத்துப் போட வேண்டாம், துண்டு மட்டும் எடுத்துக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன். ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வருகிறாள். இதுவரை பலகை அடித்து மூடிவைத்திருந்த இடத்தில் ஆர்வோ கதவை மாட்டிக்கொண்டிருக்கிறான், சர்க்கரை ரொட்டியோடு.

ஆகவே சான்றிதழ் வேண்டாம். இணைப்பைத் துண்டிக்க வேண்டாம். கோபம் கடைசியில் சொல்கிறேன் என்றேன், அது போய்விட்டது. வருகிற சனிக்கிழமை நீங்கள் எத்தனை தடவை உச்ச நேரம் என்று அறிவித்தாலும் சரி, எங்கள் வீட்டில் கல் காயும், சங்கம் மன்னிக்க வேண்டும். இன்னும் ஒரு வேண்டுதல்: வேலியோரக் கிளையை வெட்ட வரும் பிள்ளைகள் கொஞ்ச நேரம் மின்சாரத்தை நிறுத்த வேண்டியிருந்தால் மத்தியானமாகப் பார்த்து நிறுத்தட்டும். காலையில் வேண்டாம். லீவு முடிந்து அவள் ஊருக்குத் திரும்பியபிறகு, நான் காபி போட்டால்தான் எங்கள் பெண் எழுந்திருப்பாள்.